மண்வெட்டி: பெயர் வைத்தவன் யார்?

"படிக்காவிட்டால் மண்வெட்டிதான் பிடிக்க வேண்டும்" என்று பிள்ளைகளை அச்சுறுத்தும் பேச்சு நம் நாட்டில் இன்னும் ஓயவில்லை. கொள்ளையடித்துவிட்டுச் சிறைக்குப் போவதைப் போல, மண்வெட்டி பிடிப்பதை இழிவின் எல்லையாக எண்ணுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர் உண்ணும் சோறு, மண்வெட்டி படாத வயலிலா விளைந்தது? அவர் குடியிருக்கும் வீட்டின் கடைக்கால் தானாகவா குழிந்துகொண்டது? கேட்டால் விடை வராது. அவரை விட்டுவிடுவோம். நாம் கேட்க விரும்புவது வேறு. இந்தக் கருவிக்கு இப்பெயரைச் சூட்டியவன் யார்? பெயரின் பொருள் என்ன? அந்தப் பெயர் எங்கெங்கே சென்றது? சென்ற இடத்தில் பெயருக்குக் கிடைத்த மரியாதை, கருவியைப் பிடித்த கைக்குக் கிடைத்ததா?

சொல்லாராய்ச்சி புலவர்களின் வேலையாயிற்றே, பாட்டாளிக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இந்தச் சொல் புலவரின் ஏட்டில் பிறந்ததன்று, வரப்பில் பிறந்தது. வரப்பில் பிறந்த சொல்லின் வரலாற்றை, வரப்பில் நிற்பவன் அறியாமல் வேறு யார் அறிவது?

மண்வெட்டி என்பதைப் பிரித்தால் மூன்று உறுப்புகள் கிடைக்கும்: மண், வெட்டு, இ. முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. கடைசியில் நிற்கும் 'இ' என்னும் விகுதிதான் பெயரை முடித்து வைக்கிறது. அந்த ஓரெழுத்து மூன்று வேலை செய்யும். செய்பவரைக் குறிக்கும், செய்யப்படும் பொருளைக் குறிக்கும், செய்ய உதவும் கருவியையும் குறிக்கும். மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. கொத்துகின்ற பறவை அது. ஊரார் உண்ணும் நீர்நிலை ஊருணி. உண்ணப்படும் பொருள் அது. மண்ணை வெட்ட உதவுவது மண்வெட்டி; கருவி.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. விறகுவெட்டி என்றால் ஆள். பாக்குவெட்டி என்றால் கருவி. ஒரே வினை, ஒரே விகுதி. ஆனால் எது ஆள், எது இரும்பு என்பதைத் தமிழ் பேசும் குழந்தையும் தடுமாறாமல் உணர்ந்துகொள்கிறது. ஆண்டைகளுக்கும் ஆலை அதிபர்களுக்கும் மட்டும் அந்த வேறுபாடு பல காலம் விளங்காமலே இருந்தது! இங்கிலாந்தில் ஆலை முதலாளிகள் தொழிலாளரைக் 'கைகள்' என்றே கணக்கெழுதினார்கள். நூறு ஆள் என்று எழுதவில்லை. நூறு கை என்று எழுதினார்கள். கைக்கு வயிறில்லை, குடும்பமில்லை, கோபமில்லை என்பது அவர்கள் கண்ட கணக்கு.

இனிக் கருவியைப் பார்ப்போம். அகன்ற இரும்புத் தகடு. அதன் தலையில் துளை. துளையில் செருகிய மரக்காம்பு. தகடும் காம்பும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதில்லை. தகடு உழைப்பவனை நோக்கி மடங்கி நிற்கிறது. ஓங்கி வெட்டு, தன்பக்கம் இழு: இதுதான் அதன் வேலைமுறை. ஐரோப்பியத் தோட்டக்காரனின் 'ஸ்பேடு' அப்படியன்று. அதில் தகடும் காம்பும் நேராக நிற்கும். பூட்ஸ் அணிந்த காலால் தகட்டின் தோளை மிதித்து, மண்ணுக்குள் அழுத்தி, நெம்பிப் புரட்டுவார்கள். சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் நம் உழவனுக்கு அது உதவுமா? இரும்பின் விளிம்பை மிதித்தால் பாதம் பிளக்கும். வரப்பின் பக்கங்களைச் செதுக்கி அண்டை வெட்டவும், மடை திறந்து அடைக்கவும், வாய்க்காலில் தூர் எடுக்கவும், கொல்லையில் பாத்தி கட்டவும் இழுத்து வெட்டும் கருவியே ஏற்றது. நிலமும் காலும் கையும் சேர்ந்து தீர்மானித்த வடிவம் அது. பட்டறையில் கொல்லனும் வயலில் உழவனும் செய்த கூட்டு ஆராய்ச்சியின் விளைவு என்றால் மிகையாகாது.

பெயர் வாயில் வழங்கத் தொடங்கியதும் உருமாறியது. மம்மட்டி, மமட்டி, மம்பட்டி, மம்புட்டி என்று பல ஊர்களில் பல விதமாக ஒலிக்கின்றது. பட்டணத்துப் படிப்பாளி இதைக் கேட்டுச் சிரிக்கிறார். "கொச்சை" என்கிறார். சிரிப்பதற்கு முன் அவர் தம் வாயையே சற்றுக் கவனித்திருக்கலாம். ணகரத்தை ஒலிக்க நாக்கு மேலே வளைய வேண்டும். அடுத்து வரும் வகரத்துக்கு உதட்டின் உதவி வேண்டும். விரைந்து பேசும்போது உதடு முந்திக்கொள்கிறது; ணகரம் மகரமாகிறது. அந்த மகரம் பக்கத்து வகரத்தையும் தன்வழி இழுத்துக்கொள்கிறது. பஞ்சாங்கம் பார்த்தா பேச முடியும், மடை உடைந்து தண்ணீர் பாயும்போது? "மம்பட்டியைக் கொண்டா!" என்று கத்துகிறவனின் அவசரம் அந்தச் சொல்லிலே பதிந்திருக்கிறது. அது பிழையன்று, மொழி நடக்கும் நடை.

அந்தப் பேச்சு வடிவந்தான் கடல் கடந்தது! வெள்ளைக்காரன் இந்நாட்டுக்கு வந்தபோது தன் மொழியில் ஸ்பேடும் இருந்தது, 'ஹோ' என்ற களைக்கொத்தும் இருந்தது. எனினும் தென்னாட்டில் அவன் கண்ட கருவிக்கு அவை சரியாகப் பொருந்தவில்லை. வேறு வழியின்றித் தொழிலாளி சொன்னதையே எழுதிக்கொண்டான்: 'மமூட்டி', 'மமோட்டி', 'மாமட்டி'. ஹென்றி யூலும் ஆர்தர் கோக் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இச்சொல்லுக்கு இடம் தந்திருக்கிறார்கள். தமிழ் மண்வெட்டியே இதன் மூலம் என்றும் அங்கே பொருள் விளக்கியிருக்கிறார்கள். யூல் பொறியாளர், வடநாட்டுக் கால்வாய் வேலைகளில் பணி புரிந்தவர். பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். அகராதி அச்சேறுமுன் 1882-இல் மறைந்தார். மண் வெட்டுவது எப்படி என்று ஒருவர் அறிவார். மண்வெட்டியின் நாடு எது என்று மற்றவர் அறிவார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஏறியது 'மண்வெட்டி' என்ற ஏட்டு வடிவமன்று. மம்மட்டி என்ற வாய் வடிவம். அதாவது, வெள்ளையன் இச்சொல்லைப் புத்தகத்தைப் படித்துக் கற்கவில்லை. கரையில் வேலை செய்தவன் வாயிலிருந்து காதாரக் கேட்டுக் கற்றான். எவனைக் கொச்சை பேசுகிறவன் என்று நம் படிப்பாளி எள்ளி நகையாடுகிறாரோ, அவன் பேச்சையே ஆங்கில அகராதிக்காரர் அரியணை ஏற்றினார்.

மண்வெட்டி மட்டுமா போயிற்று? தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் அணைக்கட்டு 'அனிகட்' ஆயிற்று. மீனவனின் கட்டுமரம் 'காட்டமரான்' ஆயிற்று. தொழிலாளி புகைத்த சுருட்டு 'செரூட்' ஆயிற்று. தோட்டத்தில் ஆள் கட்டி மேய்த்த கங்காணியும் ஆங்கிலத்தில் இடம்பிடித்தான். பறையர் என்னும் மக்களின் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்டவன் என்ற இழிபொருளை அதன்மேல் ஏற்றி உலகெங்கும் பரப்பினார்கள். இந்தப் பட்டியலைப் பாருங்கள், தோழர்களே! மாளிகையிலிருந்து போனது எது? எல்லாம் கடலோரத்திலும் கால்வாய்க் கரையிலும் சேரியிலும் பிறந்தவை. தமிழை உலகுக்கு எடுத்துச் சென்றவர்களில் உழைப்பாளிகளுக்கே முதலிடம்.

சொல் கடல் கடந்த கதையில் கண்ணீரும் உண்டு. ஆங்கிலத்தில் மண்வெட்டி இன்றும் உயிரோடு வழங்கும் நாடு இலங்கை. அங்கே சிங்களத்தில் இக்கருவிக்கு 'உதெல்ல' என்று பெயர். ஆனால் ஆங்கிலம் பேசும் இலங்கையர் 'மமோட்டி' என்றே சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். இச்சொல் அங்கே ஊன்றி நின்றதற்கு மலைநாட்டுத் தோட்டங்கள் பெருங்காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாக ஆட்களை அழைத்துச் சென்றனர். 1869-இல் காப்பிச் செடியை இலைநோய் தாக்கத் தொடங்கியது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. காட்டை அழித்தவர், குழி எடுத்தவர், சரிவில் வடிகால் வெட்டியவர், பாதை அமைத்தவர் எல்லோரும் நம்மவர். தோட்டத் துரைமார் அவர்களை ஏவுவதற்கென்றே தமிழ் கற்றனர். அதற்கென்று கையேடுகளும் அச்சாயின. அன்பினால் கற்ற தமிழன்று அது. வேலை வாங்கக் கற்ற தமிழ்.

பிறகு நடந்தது என்ன? 1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு அந்நாடு இயற்றிய குடியுரிமைச் சட்டம், மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளரில் மிகப்பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது, 9,75,000 மக்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த மக்களை யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2003-இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள்! மண்வெட்டி என்ற சொல் இலங்கையின் ஆங்கிலத்தில் என்றோ குடியுரிமை பெற்றுவிட்டது. ஒரு மனுவும் அது போடவில்லை. அச்சொல்லைத் தோளில் சுமந்து சென்றவனின் பேரப்பிள்ளையோ, பிறந்த மண்ணிலேயே தாள்களை ஏந்திக்கொண்டு அலைந்தான். பெயரை ஏற்றார்கள்; ஆளை மறுத்தார்கள். இதைவிடப் பெரிய அநீதியைச் சொல்லின் வரலாற்றில் காட்ட முடியுமா?

வெளிநாட்டில்தான் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டிலேயே இன்னொரு 'வெட்டி' உண்டு. வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு, வெட்டிப் பயல் என்கிறார்களே, அந்த வெட்டி. இதுவும் மண்வெட்டியின் வெட்டியும் ஒன்றென்று நினைப்பவர் உண்டு. ஒலி ஒன்று; வேர் வேறு. மண்வெட்டியில் உள்ளது வெட்டு என்ற நம் வினைச்சொல். வெட்டி வேலையில் உள்ளதோ, கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'விஷ்டி' என்ற வடசொல்லின் திரிபு என்று அகராதிக்காரர்கள் காட்டுகிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்த வெட்டி, குடிகள் செலுத்த வேண்டிய கடமைகளுள் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருகிறது. நெல்லாகச் செலுத்துவது ஒன்று, காசாகச் செலுத்துவது ஒன்று, உடலால் உழைத்துத் தீர்ப்பது ஒன்று. ஊர்ப் பணியாளனுக்கு வழங்கிய வெட்டியான் என்ற பெயரும் குழி வெட்டுவதால் வந்ததன்று, இந்த வெட்டியிலிருந்து வந்தது என்பர்.

வேர் வேறுதான், ஆனால் ஆள் ஒருவனே! மண்வெட்டி பிடித்தவனிடந்தான் வெட்டி வேலையும் வாங்கினார்கள். அரசர் போனபின் கும்பினியார் வந்தனர், வழக்கம் போகவில்லை. 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றினார்கள். கரை உடையும் ஆபத்தில் ஊராரைக் கட்டாயமாக அழைக்க அது அதிகாரம் கொடுத்தது. வழக்கமான குடிமராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் வழி செய்தது. தெலங்கானாவில் இதே சொல் 'வெட்டி சாக்கிரி' என்ற பெயரில் உழவனின் முதுகெலும்பை முறித்தது. 1946 முதல் 1951 வரை அங்கே உழவர்கள் கிளர்ந்தெழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய ஊழியத்தைத் தடை செய்தது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது.

சட்டம் தடுத்தது, சொல் மட்டும் நம் நாவில் தங்கிவிட்டது. தங்கியதோடு பொருளும் மாறியது. கூலி கொடுக்காத வேலை என்பது, பயனில்லாத வேலை என்றாயிற்று. பயனில்லாத வேலை என்பது, வேலை செய்யாத சோம்பேறி என்றாயிற்று. சிந்தித்துப் பாருங்கள்! கூலியைத் தின்றவன் ஒருவன். பாடுபட்டவன் மற்றொருவன். பட்டம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? பாடுபட்டவனுக்கு! உழைப்பைத் திருடினார்கள், திருடு போனவனையே 'வெட்டி' என்றார்கள்.

பழங்கதை என்று தள்ள முடியுமா? 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் ஏரியிலும் குளத்திலும் வாய்க்காலிலும் நம் மக்கள் இறங்கி மண் வெட்டினார்களே, அப்போது நிழலில் நின்றவர்கள் என்ன பேசினார்கள்? "நூறு நாள் வேலையா? வெட்டி வேலை!" என்றார்கள். தமிழ்நாட்டில் அவ்வேலைக்கு வந்தவர்களில் பெண்களே மிகப்பெரும்பான்மை. வெயிலில் குனிந்து வெட்டிய தாய்மாரைப் பார்த்து, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஆண்டையின் வாய், இந்த நூற்றாண்டிலும் அதே சொல்லைச் சொன்னது.

நாம் இங்கே மொழிப் பெருமை ஒன்றையே பேசி நின்றுவிட விரும்பவில்லை. பிற நாட்டு உழைப்பாளியும் நம்மைப் போலத்தான் பெயர் வைத்தான். ஆங்கிலத்தின் 'ஹோ' பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் பழைய ஜெர்மானியச் சொல். அதன் பொருள் வெட்டுவது! 'ஷவல்' என்பது தள்ளுவது என்ற வினையிலிருந்து பிறந்தது. ஒருவரையொருவர் பார்த்தறியாத இருவர், வேறு வேறு கண்டத்தில், வேறு வேறு மொழியில், கையிலிருந்த இரும்பைப் பார்த்து ஒரே வகையில் நினைத்திருக்கிறார்கள். இது எவ்வளவு அழகு இல்லை. ஆனால் என்ன வேலை செய்கிறது? வெட்டுகிறது. அதையே சொல்லிக் கூப்பிடு. உழைப்பவன் பெயர் வைத்தால் வேலையைக் கண்டு வைக்கிறான். எந்த நாட்டிலும் அதுவே அவன் வழக்கம்.

உடைமையாளன் பெயர் வைத்தால்? காவிரியின் குறுக்கே மேட்டூரில் அணை எழுந்தது, 1934-இல் முடிந்தது. அந்த நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று பெயரிட்டார்கள். ஸ்டான்லி யார்? அப்போது சென்னை மாகாண ஆளுநர். அவர் ஒரு கூடை மண்ணாவது சுமந்ததுண்டா? கரையில் வியர்த்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இன்று மண்வெட்டி செய்த வேலையில் பெரும்பகுதியை இயந்திரம் செய்கிறது. நூறு ஆள் ஒரு நாள் வெட்டுவதை அது சில மணி நேரத்தில் வாரி எறிகிறது. அதை நாம் வெறுக்கவில்லை. முதுகு ஒடிய வேண்டும் என்று எந்த உழைப்பாளியும் வேண்டிக்கொண்டதில்லை. ஆனால் அதை என்னவென்று அழைக்கிறோம்? "ஜேசிபி வந்தது" என்கிறோம். அது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயரின் பெயரிலுள்ள முதலெழுத்துகள். 1945-இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். "பொக்லைன்" என்கிறோம், அது பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். மண்வெட்டியில் வேலையின் பெயர் இருந்தது. இயந்திரத்தில் முதலாளியின் பெயர் இருக்கிறது. கருவி கைமாறியபோது பெயர் வைக்கும் உரிமையும் கைமாறிவிட்டது!

ஆகவேதான் ஒரு மண்வெட்டியின் பெயருக்காக இவ்வளவு எழுதினோம். சங்கக் கூட்டத்திலும் பட்டறையிலும் வயலிலும் இதைப் பேசுங்கள். "மம்பட்டி" என்று சொல்ல நாணாதீர்கள். அந்த ஒலிதான் உலகம் சுற்றியது. உழைப்பவரைப் பார்த்து 'வெட்டி' என்ற சொல் எவர் வாயிலிருந்து வந்தாலும் நிறுத்தி, அதன் வரலாற்றைச் சொல்லுங்கள். மண்வெட்டியைக் காட்டிப் பிள்ளையை அச்சுறுத்தாதீர்கள். படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும், மண்வெட்டி என்ற பெயரைப் படைத்த அறிவு தன் பாட்டனுடையது என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும். புதிய இயந்திரங்கள் நம் பட்டறைக்கு வரும்போது, அவற்றோடு வேலை செய்கிற நீங்களே வேலையைக் கண்டு பெயர் சூட்டுங்கள். சூட்டிய பெயர் நிற்குமா என்று ஐயம் வேண்டாம். ஏடும் எழுத்தாணியும் தொடாத கைகள் சூட்டிய பெயர் இத்தனை காலம் நின்றிருக்கிறதே!

கருவிக்குப் பெயர் கொடுத்தவன் பெயரில்லாமல் போனான். அவன் கேட்டது சிலையன்று. வெட்டிய மண்ணுக்குச் சரியான அளவு, அளந்த அளவுக்குச் சரியான கூலி, கூலி வாங்கும்போது நிமிர்ந்து நிற்கும் உரிமை: இவையே அவன் கேட்டவை. அவற்றைப் பெற்றுத் தருவதே அந்தப் பெயருக்கு நாம் செய்யும் மரியாதை.